தேவனுடைய நோக்கம் தெரியாமலே அவரை நம்ப முடியுமா?

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 41 வயதில் உங்கள் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வலது கையிலும் காலிலும் பாதி பலம்தான் திரும்பியிருக்கிறது. நினைத்த சொல் வாயில் வராமல் தவிக்கிறார். வேலை போய்விட்டது, நகைகள் அடகில் இருக்கின்றன. சபையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அது நடக்காதபோது உங்கள் விசுவாசம் போதவில்லை என்கிறார். இதில் தேவனுடைய நோக்கம் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "நோக்கம் புரியாததால் ஜெபிக்கவே முடியவில்லை, நான் பின்வாங்கிப் போய்க்கொண்டிருக்கிறேனா?" நோக்கம் தெரிந்தால்தான் விசுவாசம் நிற்கும் என்று உங்களை யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பிக்கிறவன், மருத்துவமனைச் சந்திப்பு ஊழியத்தில் நெடுங்காலம் இருப்பவன் என்கிற அளவில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. சிகிச்சை பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் உங்களிடம் சொல்லும் ரோமர் 8:28-ஐ அது இருக்கும் இடத்தில் வைத்துப் படியுங்கள். 22-ஆம் வசனத்தில் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது. 23-இல் நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம். 26-இல், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள வேண்டியது என்னவென்று அறியாமலிருக்கிறோம் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். அந்த நேரத்தில் ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார். இத்தனை பெருமூச்சுகளுக்குப் பிறகுதான் அந்த 28-ஆம் வசனம் வருகிறது. ஆகவே ஜெபிக்க வார்த்தை வராமல் இருப்பது பின்வாங்குதல் அல்ல, அந்த அதிகாரமே விவரிக்கும் விசுவாசியின் நிலை. அடுத்தது, அந்த "நன்மை" என்ன என்பதை 29-ஆம் வசனம் சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலை திரும்பும், அதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும் என்று அங்கே இல்லை. 35-ஆம் வசனத்தின் பட்டியலில் பசியும் நிர்வாணமும் பட்டயமும் இருக்கின்றன. இவை விசுவாசிகளுக்கு நேரிடும் என்று எண்ணித்தான் பவுல் எழுதுகிறார். நடப்பதெல்லாம் நல்லது என்றும் அந்த வசனம் சொல்லவில்லை. பக்கவாதம் நல்லதல்ல. அதை நல்லது என்று சொல்லும்படி தேவன் உங்களைக் கேட்கவில்லை. துன்பத்தில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் நேரான கட்டளை இருக்கிறது: அழுகிறவர்களுடனே அழுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைச் செய்திருக்கலாம்.

துன்பத்தில் நோக்கம் என்று பேசும்போது பிரசங்கங்களில் யோசேப்புதான் முதலில் வருவார். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற ஆதியாகமம் 50:20-ஐ மேற்கோள் காட்டுவார்கள். அந்த வார்த்தை எப்போது சொல்லப்பட்டது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தச் சகோதரர்களே 20 வெள்ளிக்காசுக்கு விற்றபோது யோசேப்புக்குப் பதினேழு வயது என்று 37-ஆம் அதிகாரத்திலிருந்து தெரிகிறது. பார்வோனுக்கு முன் நின்றபோது முப்பது. ஏழு வருஷம் விளைச்சல், பஞ்சத்தில் இரண்டு வருஷம் கழிந்தபின் சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினான். அப்போது ஏறக்குறைய 39. தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்த பிறகுதான் 50:20 வருகிறது. அதாவது குழியில் போடப்பட்ட நாளிலிருந்து சுமார் 39 வருஷம் கழித்து. "தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்" என்று 45-ஆம் அதிகாரத்தில் சொன்னதை முதல் அறிவிப்பாகக் கொண்டாலும் 22 வருஷம் ஆகிறது. அதைச் சொன்னது யார் என்பது இன்னும் முக்கியம். சிறைக்கு வெளியே நின்ற ஆலோசகர் யாரும் அதைச் சொல்லவில்லை. அடிபட்டவனே, தன் வாயால், தன்னை அடித்தவர்களிடம் சொன்னான். அப்போதும் அவர்கள் செய்தது தீமை என்பதை அவன் மறைக்கவில்லை.

அந்த 13 வருஷ அடிமைத்தனத்திலும் சிறையிலும் தேவன் யோசேப்போடு நேரடியாகப் பேசியதாக ஒரு வரிகூட ஆதியாகமத்தில் இல்லை. ஆபிரகாமோடு பேசினார், யாக்கோபோடு பேசினார். யோசேப்பின் கதையில் "கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்று 39-ஆம் அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் அதை எழுதியவர் வாசகருக்குச் சொல்கிறார், யோசேப்புக்கு யாரும் சொன்னதாக இல்லை. அவனிடம் இருந்ததெல்லாம் அன்றன்றைய வேலைதான்: போத்திபாரின் வீட்டுக் கணக்கு, சிறைச்சாலைப் பொறுப்பு, கலங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த இரண்டு கைதிகளிடம் "இன்று ஏன் துக்கமுகமாயிருக்கிறீர்கள்?" என்று கேட்டது. பிற்பாடு கதவைத் திறந்தது அந்தச் சின்ன விசாரிப்புதான். கூடவே, அந்த இருவரில் ஒருவனான பானபாத்திரக்காரனிடம் பார்வோனுக்கு என்னைப்பற்றிச் சொல் என்று சிபாரிசும் கேட்டான், நான் இங்கே வைக்கப்பட ஒன்றும் செய்யவில்லை என்று முறையிட்டும் வைத்தான். அந்தப் பானபாத்திரக்காரனோ இரண்டு வருஷம் மறந்துபோனான். தேவனை நம்புகிறவன் மனுஷரிடம் உதவி கேட்கக் கூடாது என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு 40-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்தமாக அதிகம் கிடைக்கும் எரேமியா 29:11-க்கும் இதே நிலைதான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள வரி. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இறந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த கட்டளை: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இதற்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில், ஜனங்கள் எல்லோர் முன்பும், இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தருடைய நாமத்திலேயே அறிவித்தான். ஜனங்கள் கேட்க விரும்பியது அது. எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம். ஆனால் அது பொய்யாயிற்று. உங்களுக்குக் கெடு வைத்துச் சொல்லப்பட்ட மூன்று மாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கெடு தவறினால் கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அதைச் சொன்னவர் என்று உபாகமம் 18:22 சொல்கிறது. கேட்டவர்களின் விசுவாசத்தை அளக்கச் சொல்லவில்லை.

இனி, எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் ஒரே குரலில் சொல்வதால்தான் உங்களைப் போன்றவர்கள் நொறுங்கிப்போகிறார்கள். உங்கள் கணவர் தேவனுடைய கையை விட்டு வெளியே விழுந்துவிடவில்லை என்பது உறுதி. எல்லாத் திருச்சபை மரபுகளும் அதில் ஒன்றுபடுகின்றன. தேவன் தீமையைப் பிறப்பிக்கிறவர் அல்ல என்பதிலும் வேறுபாடு இல்லை. இந்த நோயைக் கொண்டு இவர் செய்த பாவத்தை ஊகிக்க முடியாது என்பதும் உறுதி. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே மறுத்தார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அல்ல என்று பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபின்தான் கெட்டது. கடைசியில் தேவன் கடிந்துகொண்டது அந்த மூவரைத்தான், அழுது வழக்காடிய யோபுவை அல்ல. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடல் யோபுவுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

உறுதியில்லாதவை மூன்று. இந்தப் பக்கவாதத்தைத் தேவன் குறித்து அனுப்பினாரா, அல்லது வீழ்ந்துபோன உலகில் அனுமதித்தாரா என்பதில் மரபுகள் பிரிகின்றன. 1563-இல் வெளிவந்த, சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை, ஆரோக்கியமும் வியாதியும் தற்செயலாய் அல்ல, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்று 27-ஆம் வினாவில் சொல்கிறது. வெஸ்லியின் (மெதடிஸ்டு) மரபும் பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும் "அனுமதித்தார்" என்பதில்தான் அழுத்தம் கொடுப்பார்கள். எனக்கு முதல் நிலைப்பாடு சரியாகத் தோன்றுகிறது, ஆனால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நல்ல விசுவாசத்தோடு வாழ்ந்தவர்களும் ஏராளம். இதை இன்றைக்கே நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே வினாவிடையின் 28-ஆம் வினா, தேவ பராமரிப்பை அறிவதால் என்ன பயன் என்று கேட்கிறது. துன்பத்தில் பொறுமை, வாழ்வில் நன்றி, வரப்போவதைக் குறித்து நம்பிக்கை என்று பதில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கலாம் என்ற பயன் அந்தப் பதிலில் இல்லை. உறுதியில்லாத இரண்டாவது, அவர் முழுவதும் குணமாவாரா என்பது. தேவனால் முடியும், கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் தன் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் சொன்ன உபத்திரவம், அவர் மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, இதில் உங்கள் குடும்பத்துக்கென்று இருக்கும் தனி நோக்கம். அது இருக்கிறது என்று நம்புகிறேன். அது இன்னது என்று எனக்குத் தெரியாது, உங்கள் போதகருக்கும் தெரியாது.

தெரியாததை நாமே இட்டுக்கட்டிக்கொள்வதால் வரும் கேடு பெரிது. "இதனால்தான் மாமனார் சபைக்கு வரத் தொடங்கினார், அதுதான் நோக்கம்" என்று ஒருவர் முடிவுகட்டிக்கொள்வார். ஆறு மாதத்தில் மாமனார் வருவதை நிறுத்திவிட்டால் அந்த விளக்கத்தோடு விசுவாசமும் சாய்கிறது. படுத்திருப்பவரின் மனநிலையையும் யோசியுங்கள்: தன் உடம்பு வேறு யாருக்கோ பாடம் நடத்தப் பயன்பட்ட கருவி என்று அவருக்குக் கேட்கும். நோக்கம் தெரியும்போது பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அதுவும் நாம் எதிர்பார்த்த வடிவத்தில் அல்ல. தோனாவூரில் குழந்தைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். குணமாக வேண்டும் என்று பலர் ஜெபித்தார்கள், எழுந்து நடமாடும் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. அந்த அறையிலிருந்து எழுதியவை இன்றும் நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்கின்றன. ஆனால் விழுந்த நாளில் அவரிடம் போய் "நீங்கள் எழுதுவதற்காகத்தான் இது" என்று யாராவது சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்காது.

இப்போது செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். ஜெபிக்க முடியவில்லை என்றீர்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே உங்கள் வார்த்தையில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள், பத்து நிமிடம் போதும். முறையீட்டில் பொதுவாக எழுதாதீர்கள், அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள்: "ஆண்டவரே, இன்று காலையும் டம்ளரைப் பிடிக்க முடியாமல் காபியைக் கொட்டிவிட்டு அவர் அழுதார். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். எதுவரைக்கும்?" விண்ணப்பத்திலும் அப்படியே, இந்த வாரத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். இதில் எல்லோரும் தவறுவது ஓரிடத்தில்தான். முறையிடுவது பாவம் என்ற பயத்தில் ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள்; வாய் துதிக்கும், உள்ளே கசப்பு அப்படியே தங்கிவிடும். ஒரு நாள் இரண்டாம் வசனத்தோடு நின்றுபோனால் நிற்கட்டும். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருளிலேயே முடிகிறது, அதையும் சபை வேதமாகத்தான் வைத்திருக்கிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள்தான். முறையீடு தேவனை நோக்கிச் செய்யப்படும்வரை அது விசுவாசத்தின் பேச்சே. 13 பழகியபின் 42, 77, 102 என்று போகலாம்.

உங்கள் கணவரோடு சேர்ந்து ஜெபிக்க ஒரு வழி உண்டு. பக்கவாதத்தால் சொல் வராதவர்களில் பலருக்கு, பேச வராதபோதும் சிறு வயதிலிருந்து பாடிய பாட்டும் மனப்பாடமான ஜெபமும் வாயில் வரும். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் முயன்று பார்க்க வேண்டியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த கீர்த்தனை ஒன்றை மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துப் பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லில் நிறுத்தி அவரைச் சொல்ல விடுங்கள். கர்த்தருடைய ஜெபத்தையும் அப்படியே. வரவில்லையென்றால் நீங்களே முடித்துவிடுங்கள், பிள்ளைகள் முன் அவரைத் திணறவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடமும் இதைச் சொல்லுங்கள், பாட்டின் வழியாகப் பேச்சைப் பழக்கும் முறைகள் அவர்களிடம் இருக்கின்றன.

தேவ பராமரிப்பு மாத்திரை வழியாகவும் வருகிறது. ஜெபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் நிறுத்துகிறவர்களுக்கு இரண்டாவது தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது; முதலாவதைவிட அது மோசமாக இருக்கலாம். குணமானது உண்மையானால் அதை மருத்துவரே சொல்லி மாத்திரையைக் குறைக்கட்டும். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவானதை நின்றுவிட்டது என்று நினைத்துப் பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதை வாங்குவது விசுவாசக் குறைவு அல்ல. இன்னொன்று: பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது, கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் வருவதுண்டு. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ஆவிக்குரிய தோல்வி என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் அனுப்பியது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத் தண்ணீரும், பிறகு மீண்டும் தூக்கம், மீண்டும் சாப்பாடு. ஓரேப் மலையில் பேசியது அதற்குப் பிறகு. சாகலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ அவருக்கோ வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

அந்த ஊழியக்காரரிடம் மறுபடியும் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போக வேண்டாம் என்பது என் கருத்து. சொன்னது தவறியபோது தன்னை ஆராயாமல் உங்களைக் குற்றஞ்சாட்டியவர் மறுபடியும் அதையே செய்வார். அவர் கேட்கிற விசேஷ காணிக்கைக்காக மிச்சமிருக்கும் நகையை விற்காதீர்கள். இந்த நெருக்கத்தில் புதிதாகப் பொருத்தனை எதுவும் பண்ணவும் வேண்டாம். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. அதற்குப் பதிலாக உங்கள் சபைப் போதகரிடம் மூன்று காரியங்களைத் தெளிவாகக் கேளுங்கள். ஒன்று, வீட்டுக்கு வந்து உங்கள் கணவருக்குத் திருவிருந்து கொடுப்பது. இரண்டு, வாரத்தில் ஒரு நாள் ஆண்கள் ஐக்கியத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருப்பது. அறிவுரை சொல்ல வேண்டாம், பாட்டுப் பாடலாம், செய்தித்தாள் வாசித்துக் காட்டலாம். மூன்று, பிள்ளைகளின் இந்தப் பருவக் கட்டணத்துக்குச் சபையின் உதவி நிதியில் இடமுண்டா என்பது. அந்த இரண்டு மணி நேரத்தில் துணி துவைக்கப் போகாமல் நீங்கள் தூங்குங்கள்.